மாசானம் கட்டிய கறுப்புக் கயிறு

மாசானம் வாத்தியாரின் வலது கையைக் கம்பெனிப் பையன்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஆர்மோனியக் கட்டைகளின் மேல் ஓடும்போது அந்தக் கையில் எலும்பு இருக்கிறதா என்று சந்தேகம் வரும். அதே கை பிடரியில் விழும்போது எலும்பைத் தவிர வேறெதுவும் இல்லை என்று தெளிந்துவிடும்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்கு வடக்கே, உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில், பொன்னுதுரை முதலாளி கீற்றுக் கொட்டகை போட்டுப் பாய்ஸ் கம்பெனி நாடகம் நடத்திக்கொண்டிருந்தார். யுத்த காலம். கடற்கரையில் இருட்டின பிறகு விளக்கு எரியக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டிருந்தது. அதனால் மத்தியானம் இரண்டு மணிக்கு மணியடித்து, பொழுது சாய்வதற்குள் ராஜாவையும் ராணியையும் சேர்த்து வைத்து, சனங்களை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். இருபத்திரண்டு பையன்கள். ராஜாவும் அவர்கள்தான், ராணியும் அவர்கள்தான். அவர்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பது மாசானத்தின் வேலை.

விடியும்போது அத்தனை பேரையும் கடலுக்குள் இறக்கிவிடுவார். கழுத்தளவு தண்ணீர். அலை வந்து மார்பில் குத்தும். அந்தக் குத்திலும் சுருதி அசையக் கூடாது. அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்குவார். மூச்சு இழுக்கையில் தோள் மேலே ஏறினால் ஒரு அடி. கழுத்து நரம்பு புடைத்தால் இரண்டு அடி. அலையைப் பார்த்துப் பயந்து ஸ்வரத்தை விழுங்கினவனுக்குக் கணக்கே இல்லை.

"தொண்டைங்கது வாசல்லே, மூதி! வாசல்ல அடுப்பு மூட்டி எவனாவது சோறு பொங்குவானா? அடுப்பு வயித்துல இருக்கு. அங்கருந்து கொண்டா!"

இதைச் சொல்லும் அவருடைய குரலைக் கேட்க வேண்டுமே. நங்கூரச் சங்கிலியைத் தோணியின் மரத்தில் உரசி இழுத்தால் ஒரு சத்தம் வரும், அதுதான் அவர் குரல். பாட்டு வாத்தியாருக்கு ஒரு வரி பாட வராது. ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டுவார், பையன்கள் பிடித்துக்கொள்வார்கள்.

அடித்து அடித்தும் பையன்களுக்கு வயிற்றில் மூச்சு நிற்கவில்லை. ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டு ஆறு பையன்களைக் கூட்டிக்கொண்டு உப்பளத்துக் குடிசைகளுக்கு நடந்தார். அங்கே சீனித்தாய்க்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கம்பெனியில் ராணி வேஷம் கட்டுகிற பையனுடைய அக்காள் அவள்.

"ஆம்பளப் பயலுவளுக்கு இங்கன என்ன சோலி?" என்று சீனித்தாய் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு அதட்டினாள்.

"பாடம் பாக்க வந்திருக்கோம் தாயி. ஓம் மவன்கிட்ட."

"எம் மவங்கிட்டயா? அவனுக்குப் பாலு குடிக்கவும் மோளவும் தெரியும். அந்தப் பாடமா?"

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். சுண்டுவிரல் நகம் எள்ளைப் போல இருந்தது. தூக்கத்திலேயே வாயைக் கோணிச் சிரித்தான், பிறகு பெரிய மனுஷனைப் போல நெற்றியைச் சுருக்கினான். ஆறு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். எவ்வளவு நேரம் பார்த்தாலும் சலிக்காத முகம். கடைசியில் ஒரு பயல், "வாத்தியாரே, லேசாக் கிள்ளிவிடட்டா?" என்றான். அவன் முதுகில் விழுந்த அறையின் சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொண்டான். விழித்த மறுநிமிஷம் கத்தினான் பாருங்கள், கூரைக் கீற்று நடுங்கிற்று.

"மூஞ்சியப் பாக்காதிய. வயித்தப் பாருங்கலே, வயித்த!" என்று மாசானம் குனிந்து விரலால் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்குக் கூட இல்லாத அந்த வயிறு துருத்தி போல ஏறி இறங்கியது. "தோளு ஏறுதா? நரம்பு தெறிக்கா? பொறந்து பன்னெண்டு நாளு. எந்த வாத்தியான்கிட்டயும் அடி வாங்கல. ராத்திரி பூரா கத்திட்டு விடியக்காலம் அதே சுருதியில கத்துவான். ஒங்களுக்கு ரெண்டு பாட்டுக்குத் தொண்ட கட்டிக்கிடுது. தூ!"

"நீங்களும் இப்பிடித்தாம்லே கத்துனிய," என்றாள் சீனித்தாய், பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு. "வளந்து கெட்டுப்போயிட்டிய."

மாசானத்தின் பாடம் இவ்வளவுதான். வயிறு, மூச்சு, அடி. அதற்கு மேல் அவர் ஒரு கறுப்புக் கயிறு வைத்திருந்தார்.

அமாவாசைக்கு ஆட்டம் கிடையாது. அன்றைக்குப் பையன்களை வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொருவன் தொண்டையிலும் இரண்டு விரலை வைத்து, எச்சிலை விழுங்கச் சொல்வார். பிறகு ஏதாவது பேசச் சொல்வார். தொண்டையில் முடிச்சு உருண்டிருந்தாலோ பேச்சில் பிசிறு தட்டினாலோ, இடுப்பிலிருந்து கறுப்புக் கயிற்றை எடுத்து அவன் கழுத்தில் கட்டிவிடுவார். மகரக்கட்டு வந்துவிட்டது என்று அர்த்தம். பையன் குரல் போய் ஆண் குரல் வருவதற்கு முன்னால் தொண்டை உடைகிற சமயம் அது. கயிறு கட்டினவன் பாடக் கூடாது. சத்தம் போட்டுப் பேசக் கூடாது. ஒரு வருஷமோ கூடவோ படுதா இழுக்க வேண்டும், சாயம் குழைக்க வேண்டும். மீறி முணுமுணுத்தால் கன்னம் பழுத்துவிடும். பாடாததற்காக அவர் அடித்ததைவிடப் பாடினதற்காக அடித்ததுதான் அதிகம்.

ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டார். உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து அவரும் எட்டு வயதில் ஒரு கம்பெனிக்கு வந்தவர்தான். பதினாலு வயதில் குரல் உடைந்தது. அந்தக் கம்பெனி வாத்தியாருக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. கட்டின தொண்டையைக் கத்தித்தான் திறக்க வேண்டும் என்பது அவருடைய வைத்தியம். பதினோரு நாள் முழங்காலுக்குப் பின்னால் பிரம்பால் அடித்து உச்ச ஸ்தாயியில் பாட வைத்தார். பன்னிரண்டாம் நாள் மாசானம் மேடையிலேயே ரத்தம் துப்பினார். அன்றைக்குப் போன குரல், சங்கிலியாகத்தான் திரும்பி வந்தது.

சிவனணைந்தபெருமாளைக் கம்பெனியில் சிவனு என்று கூப்பிட்டார்கள். சீனித்தாயின் தம்பி. அவன் ராணி வேஷத்தில் வந்து நின்று, ஐந்தரைக் கட்டைச் சுருதியில் வாயைத் திறந்தால், மூட்டை தூக்குகிறவர்கள் தலையில் சும்மாட்டை வைத்த மாதிரியே அசையாமல் இருப்பார்கள். கொட்டகை நிறைவதே அவனுக்காகத்தான். மாசானத்துக்கு உலகத்தில் வேறு சொத்து கிடையாது, அந்தக் குரல்தான்.

அவனுக்குப் பதினாலு முடிந்தது. இரண்டு அமாவாசை வந்து போயின. வரிசையில் அவன் முறை வந்தபோது இரண்டு தடவையும் மாசானம், "நீ போலே, ஒனக்கு ஒண்ணுமில்ல," என்று தொடாமலே அனுப்பிவிட்டார். விரல் வைத்தால் என்ன தட்டுப்படுமோ என்று அவருக்கே பயம்.

சிவனுவுக்கும் பயம். கயிறு கட்டினவர்களில் சிலருக்குக் குரல் திரும்பவே இல்லை. திரும்பாதவனை முதலாளி ஊருக்கு அனுப்பிவிடுவார். சிவனுவுக்கு ஊர் என்றால் உப்பளம். அவன் அம்மை இசக்கியம்மாளுக்கு உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு இறங்கி, ராத்திரியில் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு முனகுவாள். அந்தக் கால் தனக்கும் வந்துவிடக் கூடாது என்று அவன் கள்ளத்தொண்டையில் பாட ஆரம்பித்தான். வயிற்றை விட்டுவிட்டு, தொண்டையைச் சுருக்கி, மேலோடு மேலாக ஒரு மெல்லிய குரல். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மாசானத்துக்குத் தெரிந்தது. ஆனால் தப்பாகத் தெரிந்தது.

"களவாணித்தனம் பண்ணுதியோ?" என்று ஒரு விடியற்காலம் கடலுக்குள் வைத்துக் கேட்டார். "பேரு வந்ததும் மேலு வலிக்கோ? முழுத் தொண்டையத் தொற."

சிவனு மறுபடியும் மெல்லியதாகவே எடுத்தான். பிடரியில் அறை விழுந்தது. முகம் தண்ணீரில் முட்டி எழுந்தது.

"தொறங்கேன்!"

"வரல வாத்தியாரே."

"வரலயா? வர வைக்கேன்." தலைமயிரைப் பிடித்து அலைக்குள் அமுக்கினார். எடுத்தார். மறுபடி அமுக்கினார். மற்ற பையன்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். அலைச் சத்தமும் அடிச் சத்தமும்தான் கேட்டன. மூன்றாவது தடவை தலை வெளியே வந்தபோது சிவனு வெறி பிடித்தவன் மாதிரி அடிவயிற்றிலிருந்து கத்தினான். பச்சை மூங்கிலைப் பிளந்த மாதிரி அந்தக் குரல் நடுவில் இரண்டாகக் கிழிந்தது. இருமினான். துப்பினான். வெள்ளை நுரையில் சிவப்பு விழுந்து, இழை இழையாக விலகி, மாசானத்தின் இடுப்பைத் தொட்டது.

மாசானம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு விரலை அவன் தொண்டையில் வைத்தார். புளியங்கொட்டை அளவுக்கு முடிச்சு.

"எத்தன மாசமாச்சுலே?"

"ரெண்டு."

"ஏம்லே சொல்லல?"

"நீங்க ஏன் பாக்கல?" என்று கேட்டான் சிவனு.

மாசானம் அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கரையேறினார். ஈரக் கையாலேயே கறுப்புக் கயிற்றை எடுத்து அவன் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டார். அவன் திமிறி, உதைத்து, நகத்தால் அவர் முகத்தைக் கீறினான். கட்டி முடித்த பிறகுதான் விட்டார்.

கயிற்றைப் பார்த்ததும் பொன்னுதுரை முதலாளிக்குக் காப்பி இறங்கவில்லை. டம்ளரைச் சுவரில் எறிந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைத் துறைமுகத்துச் சுமைகாரர்கள் மொத்தமாகப் பேசியிருந்தார்கள். ராணியின் பாட்டைக் கேட்கத்தான்.

"ஏன்வே, நான் ஓமக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்? இருவத்திரெண்டு வாய்க்குச் சோறு இந்த ஒத்தத் தொண்டையிலருந்துல்லாவே வருது!"

"அது உடைஞ்சிருச்சு முதலாளி. ஒரு வருசம் விட்டுட்டா ஒருவேள வரும். இப்பம் பாடுனா என்னைய மாதிரி ஆயிருவான்."

"ஞாயித்துக்கிழம ஒரே ஆட்டம். பொறவு கயிறு கட்டும், சங்கிலி கட்டும், நான் கேக்கமாட்டேன்."

"ஒரு பாட்டும் பாடக் கூடாது."

முதலாளியிடம் ஒரு பிரம்பு உண்டு. வேம்பெண்ணெய் தடவி வளர்த்தது. அது மாசானத்தின் கன்னத்தில் விழுந்து, காது வரைக்கும் தோலை எடுத்தது. மாசானம் நின்ற இடத்திலேயே நின்றார். இரண்டாவது அடி கழுத்தில். மூன்றாவது மறுபடி அதே கன்னத்தில். வாசலில் டிக்கெட் கிழிக்கிற பால்துரை உள்ளே வந்தான். முன்பு பயில்வானாக இருந்தவன், ஆள் கதவு மாதிரி இருப்பான். முதலாளி கண்ணைக் காட்டியதும் சிவனுவைப் பிடித்து நிறுத்தி, பேனாக்கத்தியால் கயிற்றை அறுத்தான்.

"நீயே சொல்லுலே," என்றார் முதலாளி. "பாடுதியா?"

"பாடுதேன் முதலாளி," என்றான் சிவனு, மாசானத்தைப் பார்க்காமல்.

"கேட்டீரா? அவன் பாடுதான். நீரு ஆர்மோனியப் பெட்டியில உக்காந்து சுருதி குடுக்கீரு. மாட்டேன்னீருன்னா, அவன் முதுகுத் தோல உரிச்சு மத்தளம் கட்டிருவேன். அதையும் நீரே வாசியும்."

மாசானம் கன்னத்து ரத்தத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "உக்காருதேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குள் எள் போட இடமில்லை. மூட்டை தூக்குகிறவர்களும் தோணிக்காரர்களும் வியர்வையும் பீடியுமாக நெருக்கிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் கீற்று வெந்து மணத்தது. சுவர் ஓரத்தில் சீனித்தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, தம்பியைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தாள்.

படுதா ஏறியது. ராணி வேஷத்தில் சிவனு வந்து நின்றதும் விசில் பறந்தது. மேடைக்குக் கீழே ஆர்மோனியத்தில் மாசானம் உட்கார்ந்திருந்தார். பக்கவாட்டுத் தட்டியின் மறைவில் முதலாளி பிரம்போடு நின்றார்.

மாசானம் வாசிக்க ஆரம்பித்தார். பல்லவிக்கு முன்னால் வாசிக்க வேண்டிய சின்ன வாசிப்பு அது. முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்கவில்லை. சுற்றி வந்து மறுபடியும் எடுத்தார். சிவனு வாயைத் திறக்கப் போகும்போதெல்லாம் அவன் எடுக்க வேண்டிய இடத்தை விட்டுத் தாண்டி ஓடினார். அந்த வலது கை அன்றைக்கு வாசித்த மாதிரி அதற்கு முன் வாசித்ததில்லை. இரண்டு நிமிஷம் சனங்கள் வாயடைத்துக் கேட்டார்கள். அப்புறம் முன்வரிசையில் ஒருவன் எழுந்தான்.

"ஏ பொட்டிக்காரரே, ஓம்ம கையப் பாக்கவா வந்தோம்? ராணியப் பாடச் சொல்லும்வே!"

"பாட்டு! பாட்டு!" என்று பெஞ்சைத் தட்டினார்கள். மறைவிலிருந்து பிரம்பு நீண்டு ராணியின் முதுகில் சுரீர் என்று இறங்கியது. சிவனு மூச்சை இழுத்தான். தோள் ஏறியது. கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. சுருதிக்குக் காத்திருக்காமல் ஐந்தரைக் கட்டையை அவனாகவே எட்டிப் பிடிக்கப் போகிறான் என்று மாசானத்துக்குத் தெரிந்துவிட்டது.

பெட்டியை உதைத்துத் தள்ளிவிட்டு மேடையில் ஏறினார். ஐந்நூறு பேர் பார்க்க, ராணியின் பின்கழுத்தை இடது கையால் பிடித்து, வலது கையால் வாயைப் பொத்தினார்.

சிவனு கடித்தான். விளையாட்டுக் கடி இல்லை. உள்ளங்கையின் ஓரத்தில் பல் இறங்கி, எலும்பில் தட்டி நின்றது. ராணியின் முகச்சாயத்தின் மேல் ரத்தம் வழிந்தது. மாசானம் கையை எடுக்கவில்லை. "கடி மக்கா, கடி," என்றார் அந்தச் சங்கிலிக் குரலில். "வாய மட்டும் தொறக்காத."

முதல் சோடா பாட்டில் மாசானத்தின் நெற்றியில் வந்து உடைந்தது. அதற்கப்புறம் எது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பெஞ்சுக் கால்கள், கல், செருப்பு. சனங்கள் மேடையில் ஏறினார்கள். படுதாவைப் பிய்த்தார்கள், அதில் எழுதியிருந்த அரண்மனை நடுவில் கிழிந்து தொங்கியது. மூங்கில் தூண் ஒன்று சாய்ந்து பாதிக் கூரை சரிந்தது. அத்தனை அமளியிலும் சீனித்தாயின் பிள்ளை கத்துவது தனியாகக் கேட்டது. அவள் அவனை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆட்களை முழங்கையால் இடித்துத் தள்ளி வெளியேறினாள்.

பால்துரை மாசானத்தைக் காலைப் பிடித்து மேடைக்குப் பின்னால் இழுத்துப் போனான். முதலாளி அங்கே நின்றார். கொட்டகை நொறுங்குகிற சத்தம் கேட்கக் கேட்க அவர் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"எந்தக் கைலே?" என்றார். "எந்தக் கையால பொத்துன?"

கடிபட்ட கை ரத்தத்தோடு கிடந்தது. காட்டத் தேவையில்லை. படுதாவைச் சுருட்டி ஏற்றுகிற உருளைக் கட்டை பக்கத்தில் கிடந்தது. பால்துரை மணிக்கட்டில் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டான். கட்டையைத் தூக்கிப் போட்டது முதலாளிதான். ஒரு தடவை இல்லை.

மறுநாளே கம்பெனி தட்டுமுட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர்ப் பக்கம் போய்விட்டது. மாசானத்தையும் சிவனுவையும் மட்டும் விட்டுவிட்டுப் போனது. நாட்டு வைத்தியர் மாசானத்தின் கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். விரல்கள் கூடின, ஆனால் நண்டுக் கால் மாதிரி வளைந்து கூடின. மடக்கவும் முடியாது, நிமிர்த்தவும் முடியாது.

கட்டோடு அவர் உப்பளத்துக்கு வந்தபோது இசக்கியம்மாள் உப்பு வாருகிற பலகையோடு எதிரே வந்தாள்.

"எம் பிள்ளை சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு இங்கனயே வாரியா, நாசமாப் போறவனே!"

பலகை தோளில் விழுந்தது. முதுகில் விழுந்தது. மாசானம் உப்பு வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கை ஓய்ந்த பிறகு அவள் மூச்சு வாங்க நின்று கேட்டாள்:

"அவனுக்குக் குரலு வருமா?"

"தெரியாது தாயி."

"தெரியாமலா வாயப் பொத்துன?"

"பாடுனா வராதுன்னு தெரியும். அம்புட்டுத்தான் தெரியும்."

சிவனுவுக்கு மறுபடியும் கறுப்புக் கயிறு கட்டினார். இந்தத் தடவை அவன் கீறவில்லை. கட்டி முடித்ததும் அவர் முகத்தில் காறித் துப்பினான், அவ்வளவுதான்.

மாசானம் துறைமுகத்தில் உப்பு மூட்டை சுமந்தார். பிடிக்க முடியாத கையை மூட்டைக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொள்வார். அன்றைக்குப் பெஞ்சைத் தட்டினவர்கள் நடுவில்தான் வேலை. "என்ன பொட்டிக்காரரே, மூட்ட வாயயும் பொத்துவீரா?" என்று கேட்டு விலாவில் இடிப்பார்கள். சாயங்காலமானால் உப்பளத்துக்கு வந்து, கோணல் விரலைச் சிவனுவின் தொண்டையில் வைத்துப் பார்த்துவிட்டுப் போவார். முதல் நாலு மாதம் அவர் வரும்போதெல்லாம் சிவனு எறிகிற உப்புக் கட்டி பறந்து வந்தது. ஒன்று கண்ணில் பட்டு வீங்கியது. மறுநாளும் வந்தார்.

உப்பளத்துப் பயல்கள் சிவனுவை ஊமை ராணி என்று கூப்பிட்டார்கள். ஒருநாள் மூன்று பேர் சேர்ந்து கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். அவன் ஒருவனுடைய முன்பல்லை உடைத்தான். இன்னொருவனைப் பாத்திக்குள் தள்ளி மிதித்தான். அவனுக்கும் புருவம் கிழிந்தது. இத்தனைக்கும் அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. சாயங்காலம் மாசானம் வந்து கிழிந்த புருவத்தைப் பார்த்தார்.

"கத்துனியா?"

இல்லை என்று தலையசைத்தான். மாசானம் ஈரத் துண்டால் ரத்தத்தை ஒற்றி எடுத்தார். அன்றைக்கு அவன் துப்பவில்லை.

அவனுக்கு மீசை அரும்பியது. தோள் அகன்றது. பாதமும் அம்மையின் பாதம் மாதிரி வெடித்தது. பதினாலு மாதம் ஆனது. ஒரு அமாவாசையன்று மாசானம் தொண்டையில் விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். முடிச்சு நிலைத்துவிட்டது. உருளவில்லை.

"எந்திலே. கடலுக்குப் போவம்."

சீனித்தாயும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். பிள்ளைக்கு இப்போது நாலு பல். தெரிந்த ஒரே சொல்லை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு, அவள் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டு வந்தான். அவள் கரையில் நின்றுகொண்டாள்.

கழுத்தளவு தண்ணீரில் நின்று மாசானம் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். உப்பில் ஊறி முடிச்சு கல்லாகியிருந்தது. அவர் விரலுக்கு மடங்கவும் தெரியாது. குனிந்து, அவன் கழுத்தோரம் வாயை வைத்து, பல்லால் கடித்து அறுத்தார். கயிறு அலையில் போயிற்று.

"எடு."

"எந்தக் கட்ட?" என்றான் சிவனு, காற்று மாதிரி.

"அது தானா வரும். வார எடத்துல எடு."

சிவனு மூச்சை இழுத்தான். தோள் ஏறிவிட்டது. மாசானத்தின் வலது கை பழக்கத்தில் தண்ணீரை விட்டு மேலே வந்தது. சிவனு தலையைத் தாழ்த்தவில்லை. அந்தக் கையையே பார்த்தான். உள்ளங்கையின் ஓரத்தில் தன்னுடைய பல்வரிசை வெள்ளையாகத் தழும்பேறி இருந்ததைப் பார்த்தான்.

கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு மெல்லத் தண்ணீருக்குள் இறங்கி, அவன் வயிற்றில் படிந்தது.

"இங்கன," என்றார் மாசானம். "இங்கருந்து."

சிவனு எடுத்தான். ராணியின் குரல் இல்லை. இரண்டு கட்டையில் எங்கேயோ கீழே, அகலமாக, கப்பல் சங்கு ஊதுவதற்கு முன்னால் அதன் குழாய்க்குள் காற்று உருளுமே, அப்படி ஒரு கனத்தோடு வந்தது. நடுவில் ஒரு இடத்தில் ஆடியது. மாசானத்துக்கு உயிர் போய் வந்தது. உடையவில்லை. ஆடின இடத்தைத் தாண்டி, நிமிர்ந்து, நின்றது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் யார் என்று தெரியாதவன் மாதிரி சிவனு கண்ணை விரித்துக்கொண்டு பாடினான். அலை வந்து அவன் மார்பில் குத்தியது. சுருதி அசையவில்லை.

கரையில் பிள்ளை பயந்துபோய் வீறிட்டான். அவனும் வயிற்றிலிருந்துதான்.

அடுத்த அலை பெரிது. சிவனுவின் வாய்க்குள்ளேயே அடித்தது. உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டு, பதினாலு மாதத்தில் முதல் தடவையாக, உரக்க, நல்ல ஆம்பிளைக் குரலில் கடலை அசிங்கமாகத் திட்டினான்.

மாசானம் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வஞ்சது போதும்லே," என்றார். "திரும்ப எடு."